மேட்டு வீடும் பள்ளத்து வீடும்



வடகிழக்குப் பருவமழை வலுத்து, புழல் ஏரி நிரம்பும் நிலையை எட்டும்போதெல்லாம் அதிகாரிகள் ஓர் எச்சரிக்கையை வெளியிடுவது வழக்கம். உபரிநீர்க் கால்வாயின் இரு கரைகளிலும் தாழ்வான இடங்களில் வாழ்வோர் பாதுகாப்பாக இருக்குமாறு அதில் கேட்டுக்கொள்ளப்படுகின்றனர். அவ்வெச்சரிக்கையில் ஊர்ப்பெயர்கள் வரிசையாக வரும்: நாரவாரிக்குப்பம், வடகரை, கிராண்ட்லைன், புழல், வடபெரும்பாக்கம், மஞ்சம்பாக்கம், கொசப்பூர், மணலி, சடையங்குப்பம். ஏரியை அடுத்த ஊர்கள் முன்னே நிற்கின்றன. கழிமுகத்தை அடுத்த சடையங்குப்பம் கடைசியில் நிற்கிறது. பூண்டி நீர்த்தேக்கத்திலிருந்து கொசத்தலை ஆற்றில் நீர் திறக்கப்படும்போது வெளியாகும் நீண்ட பட்டியலிலும் அவ்வூரின் பெயர் இறுதியை ஒட்டியே, எண்ணூருக்கும் கத்திவாக்கத்துக்கும் பக்கத்தில்தான் காணப்படும்.

2011-ஆம் ஆண்டில் சென்னை மாநகராட்சி விரிவுபடுத்தப்பட்டபோது சடையங்குப்பம் ஊராட்சியும் அதனுடன் இணைந்தது. பெயரால் ஊர் மாநகரமாயிற்று; ஆனால் நிலத்தின் மட்டம் மாறிவிடவில்லை. 2021 நவம்பரில் பூண்டியிலிருந்து திறக்கப்பட்ட நீர் ஆற்றில் பெருக்கெடுத்து, மணலி புதுநகரையும் சடையங்குப்பத்தையும் சூழ்ந்துகொண்டது. எங்கோ தொலைவில், இவர்கள் கண்ணால் காணாத மலையடிவாரங்களில் பெய்த மழை, இவர்கள் வீட்டு வாசற்படியைத் தாண்டி உள்ளே வந்தது.

பிறரோடு நல்லுறவு கொள்வது எப்படி என்று சிந்திக்க வேண்டிய இப்பகுதியில் ஏரியும் கால்வாயும் ஏன் வந்தன என்று நீங்கள் வினவக்கூடும். நல்லுறவு என்றதும் இன்சொல், புன்முறுவல், பொறுமை ஆகியவையே நம் நினைவுக்கு வருகின்றன. அவை நல்லவையே. ஆயினும் அவற்றுக்கு முந்திய உண்மை ஒன்று உண்டு. நம் வாழ்க்கை யாரோ ஒருவருடைய வாழ்க்கையை நோக்கி வழிந்தோடிக் கொண்டிருக்கிறது; வேறு யாரோ ஒருவருடைய வாழ்க்கை நம்மை நோக்கி வழிந்து வருகிறது. நாம் விரும்பினாலும் விரும்பாவிட்டாலும் அது நிற்பதில்லை. என் வீட்டிலிருந்து புறப்பட்டு அடுத்த வீட்டுக்குள் செல்வது எது என்று அறிந்து அதற்குப் பொறுப்பேற்பதும், அடுத்த வீட்டிலிருந்து என்னிடம் வருவதைப் பற்றி அவரிடமே நேரில் பேசுவதுமே கிறிஸ்தவ நல்லுறவின் அடிப்படை. இன்சொல் அந்த அடிப்படையின் மேல் எழும் சுவர். அடிப்படையில்லாத சுவர் முதல் மழைக்கே சாயும்.

*இறங்கிச் செல்லும் வழி*

"எனக்கு அடுத்திருப்பவர் யார்?" என்ற கருத்தில் திருச்சட்ட அறிஞர் ஒருவர் ஆண்டவரிடம் வினவினார். மறுமொழியாகவே நல்ல சமாரியர் உவமை பிறந்தது (லூக்கா 10:25-37). நாம் பலமுறை கேட்ட உவமை இது. ஆயினும் அதில் வரும் பாதையை நாம் அதிகம் கவனிப்பதில்லை. எருசலேம் நகர் கடல்மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 750 மீட்டர் உயரத்தில் உள்ளது. எரிகோவோ கடல்மட்டத்துக்குக் கீழே ஏறத்தாழ 250 மீட்டர் ஆழத்தில் கிடக்கிறது. ஆகவே அந்த வழி மேட்டிலிருந்து பள்ளத்துக்கு இறங்கும் செங்குத்தான வழி. கள்வர் கையில் அகப்பட்டவன் அவ்வழியே இறங்கிச் சென்றவன். அவனைக் கண்டு விலகிப் போன குருவும் அவ்வழியே இறங்கி வந்தவர்தாம் என்று லூக்கா குறிப்பிடுகிறார். கோவில் இருக்கும் மேட்டிலிருந்து வந்தவருக்குப் பள்ளத்தில் கிடந்தவன் யாரோவாகத் தோன்றினான்.

இயேசு அறிஞரின் கேள்வியைத் திருப்பிப் போட்டார். "எனக்கு அயலார் யார்?" என்று எல்லைக்கோடு வரைவதை விடுத்து, "அடிபட்டவனுக்கு அயலாராக ஆனவர் யார்?" என்று வினவினார். அயலாரை நாம் பொறுக்கி எடுப்பதில்லை. நாம்தாம் அயலாராக ஆக வேண்டும். மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2020 அக்டோபரில் அசிசி நகரில் கையெழுத்திட்ட 'அனைவரும் உடன்பிறந்தோர்' என்னும் சுற்றுமடலின் இரண்டாம் இயல் முழுவதையும் இவ்வுவமைக்கே ஒதுக்கியிருப்பது இதன் ஆழத்தைக் காட்டும்.

சடையங்குப்பத்தைச் சுற்றி வாழ்வோரைப் பாருங்கள். பர்மாவில் 1962-இல் இராணுவ ஆட்சி ஏற்பட்டு, பின்னர்க் கடைகளும் தொழில்களும் அரசுடைமையாக்கப்பட்டபோது, கைப்பொருளை இழந்து கப்பலேறித் தாயகம் திரும்பிய தமிழ்க் குடும்பங்கள் ஏராளம். அம்மக்களின் நினைவைத் தாங்கிய பர்மா நகர் இங்கே உள்ளது. கழிமுக நீரில் இறங்கிக் கையாலேயே இறால் தடவிப் பிடிக்கும் திறமை வாய்ந்த இருளர் குடியிருப்பும் இங்கே உள்ளது. ஆலை வேலைக்காகத் தென்மாவட்டங்களிலிருந்தும் வட இந்தியாவிலிருந்தும் வந்தோர் இப்பகுதியெங்கும் வாழ்கின்றனர். இவர்களுள் எவரும் மற்றவரைத் தேர்ந்தெடுத்து அண்டை வீட்டாராக்கிக் கொள்ளவில்லை. வெள்ளம் வரும்போதோ அனைவர் வீட்டிலும் ஒரே நீர்தான். அது சாதி கேட்டுப் புகுவதில்லை. ஞானஸ்நானப் பதிவேட்டைப் பார்த்து விலகிச் செல்வதுமில்லை.

*கைப்பிடிச் சுவரும் மூடாத கிணறும்*

பிறரன்பு என்பது உள்ளத்தில் எழும் கனிவு மட்டுமே என்று நாம் எண்ணிக்கொண்டிருக்கிறோம். பழைய ஏற்பாட்டின் சட்டங்களைப் படிப்போருக்கு அவ்வெண்ணம் நிலைக்காது. அங்கே பிறரன்பு கல்லாலும் மண்ணாலும் பேசப்படுகிறது.

புது வீடு கட்டுகிறவன் மாடியைச் சுற்றிக் கைப்பிடிச் சுவர் எழுப்ப வேண்டும். இல்லையேல் அங்கிருந்து ஒருவர் விழுந்தால் அந்த இரத்தப்பழி அவ்வீட்டின்மேல் இருக்கும் என்கிறது இணைச்சட்டம் (22:8). குழி வெட்டி மூடாமல் விட்டவன், அதில் அடுத்தவன் மாடு விழுந்து செத்தால் மாட்டுக்குரிய விலையைச் செலுத்த வேண்டும் என்கிறது விடுதலைப் பயணம் (21:33-34). அதே நூலில் இன்னொரு சட்டம்: ஒருவன் மூட்டிய தீ முட்செடிகளில் பற்றிப் பரவி, பிறனுடைய தானியக் குவியலையோ விளைந்த பயிரையோ எரித்துவிட்டால், தீ மூட்டியவனே ஈடு செய்ய வேண்டும் (22:6).

இச்சட்டங்களுள் எதிலும் தீய எண்ணம் பேசப்படவில்லை என்பதைக் கவனியுங்கள். சுவர் எழுப்பாதவன் யாரையும் தள்ளிவிட நினைத்தவனல்லன். குழி வெட்டியவன் அடுத்தவன் மாட்டின்மேல் பகை கொண்டவனல்லன். "நான் வேண்டுமென்றா செய்தேன்?" என்ற வினா அங்கே விடையாக ஏற்றுக்கொள்ளப்படவில்லை. உன் இடத்திலிருந்து தீங்கு புறப்பட்டது. ஆகவே அது உன் பொறுப்பு. இதுவே அச்சட்டங்களின் குரல். நம்மிடையே உறவுகள் முறிவதெல்லாம் பெரும்பாலும் தீய நெஞ்சத்தினால் அன்று. மூடாமல் விட்ட குழிகளினாலேயே.

*மண் கொட்டும் போட்டி*

தாழ்வான பகுதிகளில் எங்கும் காணக்கூடிய ஒரு நிகழ்ச்சியை எண்ணிப் பார்ப்போம். ஒரு தெருவில் ஒருவர் புதுவீடு கட்டுகிறார். சென்ற மழையில் பட்ட பாட்டை மறவாதவராய், லாரி லாரியாக மண் கொட்டி அடித்தளத்தை உயர்த்துகிறார். அடுத்த மழையில் அவர் வீட்டுக்குள் நீர் வரவில்லை. முன்பு அவர் முற்றத்தில் தேங்கிய நீர் இப்போது பக்கத்து ஓட்டு வீட்டுக்குள் போகிறது. சில ஆண்டுகளில் அந்த ஓட்டு வீட்டாரும் கடன் வாங்கித் தரையை உயர்த்துகிறார். நீர் மூன்றாம் வீட்டுக்குப் போகிறது. இதற்கிடையில் பழைய சாலையைச் சுரண்டாமல் அதன்மேலேயே புதுச்சாலை போடப்படுகிறது. இறுதியில் உயர்த்துவதற்கு வசதியற்ற விதவைத் தாயின் வீடு கிணறுபோல் ஆகிவிடுகிறது.

இதில் குற்றவாளி யார்? தன் குழந்தைகளை நீரிலிருந்து காக்க வீட்டை உயர்த்தியது பாவமன்று. ஆனால் "என் வீட்டைவிட்டுப் போகும் நீர் எங்கே செல்லும்?" என்று ஒரு நாளும் கேளாமல் இருந்தது பிறரன்புக்கு எதிரான குறை. கேட்டிருந்தால், இரு வீட்டாரும் சேர்ந்து ஒரு வடிகாலுக்கு வழி கண்டிருக்கக் கூடும். தெருவே சேர்ந்து மாநகராட்சியிடம் முறையிட்டிருக்கக் கூடும். கேளாததனால் மண்ணுக்கு மேல் மண்ணும், மனக்கசப்புக்கு மேல் மனக்கசப்புமே வளர்ந்தன.

நீர் மட்டுமா இவ்வாறு வழிகிறது? ஆலையில் மேலாளரிடம் கேட்ட வசையைத் தகப்பன் வீட்டுக்குக் கொண்டுவந்து மனைவியின்மேல் கொட்டுகிறார், மனைவி பிள்ளையின்மேல், பிள்ளை தம்பியின்மேல். மேட்டிலிருந்து பள்ளத்துக்கு இறங்கும் இந்த வெள்ளம் வீட்டிலேயே வலிமை குறைந்தவரிடம் சென்று தேங்குகிறது. இரவு முறை வேலை முடித்து வந்தவர் பகலில் கண்ணயரும் நேரத்தில், திருவிழாவின் பெயரால் நாம் வைக்கும் ஒலிபெருக்கி அவர் தூக்கத்தைப் பறிக்கிறது. கைமாற்றாக வாங்கிய பணத்தைக் குறித்த நாளில் கொடாததனால், கொடுத்தவர் தம் மகளின் பள்ளிக் கட்டணத்துக்கு வேறொருவரிடம் கைநீட்டுகிறார். நம் மகனின் மதிப்பெண்ணை நாம் பெருமையாய்ப் பேசிய பேச்சு, பக்கத்து வீட்டுச் சிறுவனுக்கு அடியாக விழுகிறது. இவற்றை நாம் காண்பதில்லை. மேட்டில் நிற்பவருக்குப் பள்ளத்து நீர் தெரிவதில்லை.

எல்லாவற்றுக்கும் மேலாக வழிந்தோடுவது நாவின் வார்த்தை. 1992-இல் வெளியிடப்பட்ட கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல், பிறருடைய நற்பெயருக்கு எதிரான மூன்று குற்றங்களைப் பிரித்துக் காட்டுகிறது. போதிய சான்றின்றிப் பிறரிடம் குற்றம் இருப்பதாக மனத்தில் முடிவு கட்டுவது ஒன்று. பிறருடைய உண்மையான குறையைத் தக்க காரணமின்றி, அதை அறியாதவரிடம் வெளிப்படுத்துவது மற்றொன்று. பொய்யுரைத்துப் பிறர் பெயரைக் கெடுப்பது மூன்றாவது. இரண்டாவதை நன்கு உற்று நோக்குங்கள். "உள்ளதைத்தானே சொன்னேன்?" என்பது நம் தெருக்களில் நாள்தோறும் கேட்கும் தற்காப்பு. உள்ளதாகவே இருந்தாலும், சொல்லத் தக்க காரணமின்றி, சொல்லத் தகாதவரிடம் சொன்னது குற்றமே என்பது திருச்சபையின் போதனை.

*முகத்துக்கு நேராக*

அவ்வாறாயின் பிறர் நமக்குச் செய்யும் தீங்கை வாய்மூடிப் பொறுத்துக்கொள்ள வேண்டுமா? இல்லை. தன்மீது அன்பு கூர்வதுபோல் பிறர்மீதும் அன்புகூர வேண்டும் என்ற பெருங்கட்டளை லேவியர் நூலில் (19:18) உள்ளது. அதற்கு நேர் முந்திய வசனம் என்ன சொல்கிறது? உடன்பிறந்தவனை உள்ளத்தில் பகைக்காதே. அவன் குற்றத்தை அவனிடமே எடுத்துரை. இல்லையேல் அவன்பொருட்டு நீயும் பாவம் சுமப்பாய் என்பது அதன் கருத்து. ஆகவே அன்புக்கு முன்வாசல் நேர்மையான பேச்சு. உள்ளே பகையும் வெளியே புன்னகையும் வைத்திருப்பது பொறுமை அன்று. அது மூடி வைத்த குழி.

ஆண்டவர் இயேசு இதற்கு ஒரு முறைமையையே வகுத்துத் தந்தார் (மத்தேயு 18:15-17). முதலில் நீயும் அவரும் தனித்திருக்கையில் சொல். கேளாவிட்டால் ஒருவரையோ இருவரையோ உடன் அழைத்துச் செல். அதற்கும் இணங்காவிட்டால் திருச்சபையிடம் சொல். நாம் செய்வதோ இதற்கு நேர்மாறு. முதலில் ஊருக்குச் சொல்கிறோம்; பின்பு இருவர் மூவரைக் கூட்டிப் பக்கம் சேர்க்கிறோம்; சம்பந்தப்பட்டவரிடம் மட்டும் கடைசிவரை சொல்வதேயில்லை.

நம் பகுதிக்கு இங்கே தனிச் சிறப்பு ஒன்றுண்டு. நம் முன்னோர் புனித பேதுருவை 'இராயப்பர்' என்று அன்போடு அழைத்தனர். படகோட்டி மக்கள் அவர் பெயரால் எழுப்பிய ஆலயம் நிற்கும் ஊரே இராயபுரம். மீனவராயிருந்து தூதரான அந்த இராயப்பர்தாம், சகோதரனை எத்தனை முறை மன்னிப்பது, ஏழு முறையா என்று ஆண்டவரிடம் கணக்குக் கேட்டவர் (மத்தேயு 18:21). கணக்கே வைக்காதே என்ற பொருள்படும் விடையைப் பெற்றவரும் அவரே.

அதே இராயப்பர் பின்னொரு நாளில் கண்டிக்கப்படவும் நேர்ந்தது. அந்தியோக்கியாவில் அவர் பிற இனத்துக் கிறிஸ்தவர்களோடு ஒரே பந்தியில் அமர்ந்து உண்டு வந்தார். எருசலேமிலிருந்து சிலர் வந்ததும், அவர்களுக்கு அஞ்சி அப்பந்தியைவிட்டு விலகினார். பந்தியில் வேற்றுமை காட்டுவது எத்துணைக் கொடிய காயம் என்பதைத் தமிழராகிய நமக்கு எவரும் விளக்க வேண்டியதில்லை. புனித பவுல், நம் முன்னோர் சின்னப்பர் என்று அழைத்தவர், இராயப்பரை முகத்துக்கு நேராகவே எதிர்த்தார் (கலாத்தியர் 2:11-14). அவர் பின்னால் சென்று கட்சி சேர்க்கவில்லை. இராயப்பரும் தலைமைத் தூதர் என்ற நிலையைக் காட்டி அவரைத் தள்ளிவிட்டதாக எங்கும் எழுதப்படவில்லை. இன்று திருச்சபை அவ்விருவரையும் ஜூன் 29 அன்று ஒரே திருநாளில் வணங்குகிறது. நேர்மையாய்க் கண்டித்தவரும் கண்டிக்கப்பட்டவரும் ஒரே பீடத்தில் நிற்கின்றனர்.

நேரில் பேசுவதற்கும் ஒரு பக்குவம் வேண்டும். கோபம் கொதிக்கும் வேளையில் பேசற்க. ஆயினும் பகலவன் மறைவதற்குள் கோபம் தணிய வேண்டும் என்ற எபேசியர் மடலின் (4:26) அறிவுரையையும் மறவற்க. நடந்த ஒன்றை மட்டும் பேசுக; பத்தாண்டுப் பழங்கதையைத் தோண்டற்க. "நீங்கள் எப்போதுமே இப்படித்தான்" என்று ஆளை எடை போடாமல், "உங்கள் தொட்டி நிரம்பி வழியும்போது எங்கள் சமையலறைச் சுவர் நனைகிறது" என்று நிகழ்ந்ததைக் கூறுக. கூறியபின், அவர் தரப்பைக் கேட்கும் பொறுமையும் வேண்டும். ஒருவேளை நம் வீட்டிலிருந்து அவர் வீட்டுக்குப் போவது ஒன்றை அப்போதுதான் நாம் முதன்முறையாக அறிவோம்.

*ஈடு செய்யாத மன்னிப்பு*

2023 டிசம்பர் தொடக்கத்தில் மிக்ஜாம் புயலின் பெருமழை சென்னையை மூழ்கடித்தபோது, மணலியிலுள்ள சென்னைப் பெட்ரோலிய நிறுவனத்தின் சுத்திகரிப்பு ஆலை வளாகத்திலிருந்து வெள்ள நீரோடு எண்ணெய் கலந்து வெளியேறி, பக்கிங்காம் கால்வாய் வழியாக எண்ணூர் முகத்துவாரத்தை அடைந்தது. திருவொற்றியூர், எண்ணூர்ப் பகுதிகளில் பல வீடுகளின் சுவர்களில் கரிய கறை படிந்தது. காட்டுக்குப்பம், சிவன்படைக்குப்பம், முகத்துவாரக்குப்பம், தாழங்குப்பம், நெட்டுக்குப்பம் முதலிய மீனவர் ஊர்களில் படகுகளும் வலைகளும் எண்ணெயில் தோய்ந்தன. மீன்பிடித் தொழில் நின்றது. மீனவர்களே தங்கள் படகுகளில் சென்று வாளியாலும் கையாலும் எண்ணெயை அள்ளிய காட்சியை நாடே கண்டது. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தானாகவே முன்வந்து வழக்கை விசாரித்தது. தமிழக அரசு மீனவக் குடும்பங்களுக்குத் தலா 12,500 ரூபாயும், சேதமுற்ற படகுகளுக்குத் தலா 10,000 ரூபாயும் அறிவித்தது.

இதை இங்கே குறிப்பிடுவது வழக்காடுவதற்காக அன்று. அண்டை அயலார் உறவு என்பது சுவரை ஒட்டி வாழும் இரு குடும்பங்களோடு முடிவதில்லை என்று காட்டுவதற்காகவே. ஓர் ஆலையும் ஒரு மீனவக் குப்பமும் அண்டை வீட்டார்தாம். 1969 முதல் மணலியில் இயங்கிவரும் அவ்வாலையில் நம் பங்கு மக்கள் சிலர் வேலை செய்கின்றனர். வேறு சிலர் அதே நீரில் வலை வீசுகின்றனர். ஞாயிறன்று ஒரே விரிப்பில் அமர்ந்து, திருப்பலியில் ஒருவருக்கொருவர் சமாதானம் பகிர்கின்றனர். அந்தச் சமாதானம் பொருளுள்ளதாக வேண்டுமானால், யாருடைய நீரில் யாருடைய எண்ணெய் கலந்தது என்ற கேள்வியைத் தவிர்க்க முடியாது. காணிக்கையைப் பீடத்தின்முன் வைத்துவிட்டு, மனத்தாங்கல் கொண்ட சகோதரனிடம் முதலில் சென்று ஒப்புரவாகுமாறு ஆண்டவர் பணித்தாரல்லவா (மத்தேயு 5:23-24)?

ஒப்புரவு என்பது "மறந்துவிடுங்கள்" என்று சொல்வதோடு முடிவதன்று. எரிகோவில் ஆண்டவரைத் தம் இல்லத்தில் வரவேற்ற சக்கேயு, தம் உடைமையில் பாதியை ஏழைகளுக்குக் கொடுப்பதாகவும், ஏமாற்றி வாங்கியதை நான்கு மடங்காகத் திருப்பித் தருவதாகவும் உறுதி கூறினார் (லூக்கா 19:8). ஏழைகளுக்குக் கொடுத்தது தருமம்; ஏமாற்றியவர்களுக்குத் திருப்பித் தந்தது நீதி. சக்கேயு இவ்விரண்டையும் தனித்தனியே வைத்தார். நாமோ இரண்டாவதைச் செய்யாமல் முதலாவதைச் செய்து மனத்தைத் தேற்றிக்கொள்கிறோம். ஒப்புரவு அருட்சாதனத்தில் பெறும் மன்னிப்பு பாவத்தைப் போக்குகிறது. ஆனால் பாவத்தால் விளைந்த சேதத்தை இயன்றவரை சரிசெய்யும் கடமை நம்மிடமே இருக்கிறது என்று மறைக்கல்வி நூல் தெளிவாகக் கூறுகிறது. திருடியதைத் திருப்பிக் கொடுத்தல், கெடுத்த பெயரை மீண்டும் நாட்டுதல், ஏற்படுத்திய காயத்துக்கு ஈடு செய்தல் ஆகியவை அக்கடமையுள் அடங்கும்.

வீட்டிலும் அப்படியே. பக்கத்து வீட்டாரைப் பற்றி ஐந்து பேரிடம் தவறாகச் சொன்னவர், அந்த ஐந்து பேரிடமும் சென்று "நான் சொன்னது சரியன்று" என்று கூறுவதே பரிகாரம். கடினந்தான். ஆனால் அதுவே நான்கு மடங்கு.

*எல்லையும் அன்பின் பகுதியே*

இவ்வளவும் கூறியபின் ஓர் எச்சரிக்கையும் தேவை. மன்னிப்பு என்ற பெயரால் கொடுமைக்குத் திரை போடலாகாது. குடித்துவிட்டு வந்து மனைவியை அடிக்கும் கணவனை "சிலுவை என்று எண்ணிச் சுமந்துகொள்" என்று சொல்வது நற்செய்தி அன்று. தனித்துச் சொல்லியும் கேளாதவன் விஷயத்தில் சாட்சிகளை அழைக்கவும், சபைக்குத் தெரிவிக்கவும் ஆண்டவரே கூறியுள்ளார். குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைக் காக்க 2005-இல் இயற்றப்பட்ட சட்டம் நம் நாட்டில் உண்டு. 181 என்ற பெண்கள் உதவி எண்ணும் உண்டு. ஆபத்திலிருக்கும் சகோதரிக்கு அந்த எண்ணைக் கொடுப்பதும், அன்றிரவு தங்க இடம் கொடுப்பதும் பிறரன்புப் பணியே. மன்னிப்பதென்பது பழிவாங்கும் எண்ணத்தை விடுவது; மீண்டும் அடிபடுவதற்கு முதுகைக் காட்டுவது அன்று.

எல்லா உறவும் ஒரே நெருக்கத்தில் இருந்தாக வேண்டும் என்பதுமில்லை. மாற்கு என்னும் யோவானைப் பயணத்தில் சேர்ப்பதா வேண்டாவா என்பதில் பவுலுக்கும் பர்னபாவுக்கும் கடும் கருத்து வேறுபாடு எழுந்து, இருவரும் வெவ்வேறு வழியில் பிரிந்தனர் (திருத்தூதர் பணிகள் 15:36-40). பிரிந்தபின்பும் இருவரும் நற்செய்திப் பணியைத் தொடர்ந்தனர். பின்னாளில் திமொத்தேயுவுக்கு எழுதப்பட்ட இரண்டாம் மடலில் (4:11) அதே மாற்கைத் தம்மிடம் அழைத்து வருமாறு பவுல் கேட்பதைக் காண்கிறோம். தூரம் சில வேளைகளில் உறவைக் காக்கும், பகைதான் அழிக்கும். நல்ல சமாரியரும் அடிபட்டவனைச் சத்திரத்தில் சேர்த்து, இரு தெனாரியம் கொடுத்து, மேலும் செலவானால் திரும்பி வரும்போது தருவதாகக் கூறிவிட்டுத் தம் வழியே சென்றார். உதவி செய்தவனைத் தமக்கு அடிமையாக்கிக்கொள்ளவில்லை.

*மழைக்கு முன்னே*

வெள்ளம் வந்தபின் உறவைத் தேடுவது, பசி வந்தபின் வயலை உழுவது போன்றது. அந்த நள்ளிரவில் கதவைத் தட்டுகிறவர், முன்பே நம் பெயரை அறிந்தவராக இருக்க வேண்டும். ஆகவே இம்மாதம் ஒவ்வொரு குடும்பமும் சில சிறு செயல்களை மேற்கொள்ளலாம்.

முதலாவது, உங்கள் தெருவில் மிகத் தாழ்ந்த மட்டத்தில் உள்ள வீடு எது, அதில் வாழ்வோர் யார் என்று அறிந்துகொள்ளுங்கள். முதியோர், கருவுற்றோர், நடக்க இயலாதோர் எந்தெந்த வீட்டில் உள்ளனர் என்பதையும் கேட்டறியுங்கள். இரண்டாவது, கத்தோலிக்கர் அல்லாத இரு குடும்பங்களின் தொலைபேசி எண்ணைப் பெற்று, உங்கள் எண்ணையும் கொடுத்து வையுங்கள். மூன்றாவது, அன்பியக் கூட்டத்தில் செபம் முடிந்தபின் கால்மணி நேரம் ஒதுக்கி, மாடியுள்ள வீட்டார் எவரெவரை ஏற்றுக்கொள்வர் என்பதை முன்னரே பேசி முடிவு செய்யுங்கள். நான்காவது, தெரு வடிகாலில் அடைப்பிருந்தால், "இது யார் வீட்டுக் குப்பை?" என்று ஆராயாமல் தெருவாரோடு சேர்ந்து அதை நீக்க முயலுங்கள், நம்மால் இயலாததற்கு மாநகராட்சியிடம் எல்லாருமாகக் கையெழுத்திட்டு மனுக் கொடுங்கள். ஒரே மனுவில் மேட்டு வீட்டார் கையெழுத்தும் பள்ளத்து வீட்டார் கையெழுத்தும் அடுத்தடுத்து இருக்குமாயின், அதுவே அத்தெருவின் முதல் ஒப்புரவாகும்.

*குடும்பத்தில் சேர்ந்து சிந்திக்க*

1. நம் வீட்டிலிருந்து புறப்பட்டு அடுத்தவரைச் சென்று சேரும் ஒன்று, அது நீரோ, ஓசையோ, பேச்சோ, கடனோ, எது? அதை அவர்களிடம் கேட்டறிந்ததுண்டா?

2. நேரில் சொல்லாமல் பிறரிடம் மட்டும் சொல்லி வைத்திருக்கும் மனத்தாங்கல் எது? அதை இவ்வாரமே யாரிடம், எப்படிச் சொல்லப் போகிறோம்?

3. மன்னிப்புக் கேட்டும் இன்னும் ஈடு செய்யாத சேதம் ஏதேனும் உண்டா?

4. நம் வீட்டில் ஒருவர் கொட்டும் கோபம் கடைசியாக யாரிடம் சென்று தேங்குகிறது?

*செபம்*

மேட்டையும் பள்ளத்தையும் படைத்த இறைவா, எங்கள் தாழ்வில் எங்களைத் தேடி இறங்கி வந்தவர் உம் திருமகன். எங்கள் வாசலுக்கு அப்பால் வாழ்வோரை நாங்கள் காணக் கண் தாரும். பேச வேண்டியதை நேரில் பேசத் துணிவும், கேட்க வேண்டியதைக் கேட்கப் பணிவும் அருளும். எங்களால் ஒருவர் இழந்ததை எங்கள் கையாலேயே திருப்பிக் கொடுக்கச் செய்தருளும். ஆமென்.